கோப்பில் ஒட்டிய சிவப்பு அம்பு

இன்று காலை பழைய கோப்பு ஒன்றைத் திறந்தபோது நீ ஒட்டிய அம்பு கண்ணில் பட்டது. சிவப்பு நிறம், சுண்டுவிரல் நகத்தின் அளவு. தைத்த சட்டையில் எங்கே பிசகு இருக்கிறதோ அங்கே ஒட்டுவதற்காக உன் கம்பெனியில் கொடுக்கும் ஸ்டிக்கர். நிறம் கொஞ்சம் வெளுத்துவிட்டது, பசை மட்டும் விடவில்லை. ஃபேன் காற்றில் தாள் படபடத்துக்கொண்டே இருந்ததால் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அம்பு காட்டிய வரியைப் படித்தேன். நான் எழுதிய வரி. உன்னைப் பற்றி எழுதியது. அது உன் கண்ணில் படவே இல்லை என்று ஒன்றரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கோப்பை மூடி வைத்தேன். எனக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அசதி. ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது. முட்டிவலி, ஆவடி பக்கத்துச் சேக்காட்டின் வெயில், மழை பெய்தால் ஒழுகுகிற நூலகத்து மேற்கு மூலை, காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே பேப்பருக்காக வாசலில் நிற்கும் பெரியவர்கள், மேலிருந்து வாரத்துக்கு ஒன்றாக வரும் சுற்றறிக்கைகள். முன்பெல்லாம் இதையெல்லாம் உன்னிடம் புலம்பித் தீர்ப்பேன். நீ கேட்டுக்கொண்டே மேசையில் கிடக்கும் தாள்களை அடுக்கிவிடுவாய். இன்றைக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

நீ முதன்முதலில் நூலகத்துக்கு வந்தது புத்தகம் எடுக்க அல்ல, சண்டை போட. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை, வாரம் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமைதான் உனக்கு நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அரை மணி நேரம் முன்னதாகவே பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அடுத்த ஞாயிறு வந்து, போர்டில் ஒரு நேரம் போட்டுவிட்டு இன்னொரு நேரம் பூட்டினால் அந்த போர்டு எதற்கு என்று கேட்டாய். நியாயமான கேள்வி, அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் ஒரு நூலக வாசலில் நின்று கத்திக்கொண்டதை அன்றைய வாசகர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றாவது ஞாயிறு நீயே இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாய். அதன் பிறகு நாம் பிரியவே இல்லை.

அந்த ஸ்டிக்கர் ரோல் எப்போதும் உன் கைப்பையில் கிடக்கும். நூலகத்தில் கிழிந்த பக்கம், தப்பான அடுக்கில் இருக்கும் புத்தகம், நான் கையெழுத்துப் போட மறந்த பதிவேடு என்று எல்லாவற்றிலும் ஓர் அம்பு ஒட்டிவிட்டுப் போவாய். ஒருநாள் நான் எரிச்சலில் ஒன்றை உரித்துப் போட்டுவிட்டேன். அப்போதுதான் உங்கள் கம்பெனி வழக்கத்தைச் சொன்னாய். தைத்தது யார் என்று செக்கிங்கில் கேட்கமாட்டார்களாம். பிசகு இருக்கும் இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவதோடு சரி. தைத்தவர் அதைப் பிரித்துச் சரிசெய்து மறுபடி கொண்டுவருவார்.

"ஆனா ஸ்டிக்கர அவங்க உரிக்கக் கூடாதுக்கா. ஒட்னவதான் திருப்பிப் பாத்துட்டு உரிக்கணும். நீ பாட்டுக்கு உரிச்சிட்டா சரியாயிட்ச்சா இல்லியான்னு எனுக்கு எப்டித் தெரியும்?"

நான் சிரித்துக்கொண்டே, உரித்ததைத் திரும்ப ஒட்டினேன்.

ஊர் சம்பந்தமான பழைய அச்சுப் பிரதிகள், கையெழுத்துப் பிரதிகள் எதுவானாலும் மின்நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது அதன் பிறகுதான். ஸ்கேனர் கிடையாது, மொபைலில் படமெடுத்தால் போதும் என்று போட்டிருந்தார்கள். என் மொபைலில் படமெடுத்தால் என் முகமே எனக்கு அடையாளம் தெரியாது. அப்போதுதான் நீ பாடியில் இருக்கும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாய். அப்பாவை நீ நைனா என்றுதான் சொல்வாய்; உன் நைனா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே தொழிலாளிகள் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். பெயர் 'பன்னிரண்டரை'. மதியச் சாப்பாட்டுக்குச் சங்கு ஊதும் நேரம். ஒரே ஒரு பிரதி, அது ஷிப்டுக்கு ஷிப்டு கை மாறும். கதை, கட்டுரை, சினிமா விமர்சனம், மேலாளரைப் பற்றிய நக்கல் எல்லாம் இருக்கும். கடைசி நான்கு பக்கங்களைக் காலியாக விட்டுவிடுவார்கள். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதலாம், ஆனால் பெயர் போடக்கூடாது, தொழிற்சாலையில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்த டோக்கன் நம்பர்தான் போட வேண்டும். நாற்பத்து மூன்று இதழ்கள் அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

பெட்டியை வீட்டை விட்டு வெளியே விடமாட்டேன் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் நீ ஆவடியிலிருந்து பஸ் பிடித்துப் பாடிக்குப் போவாய். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, லாரிகளுக்கு நடுவில் புகுந்து நடந்து, அவர் வீட்டு மாடிப்படியில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்கார்ந்து படமெடுப்பாய். ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மொபைல். பக்கத்துக்குப் பக்கம் உன் இடது கட்டைவிரல் விழுந்திருக்கும். கைரேகைப் பதிவேடா இது என்று நான் எத்தனை முறை கடிந்துகொண்டேன்.

உனக்கு அதில் ஒரு சொந்தத் தேடலும் இருந்தது. நீ நான்காம் வகுப்பு படிக்கும்போதே உன் நைனா போய்விட்டார். வீட்டில் அவருடைய கையெழுத்து என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இருந்ததெல்லாம் அவருடைய பித்தளை டோக்கன் ஒன்றுதான். அந்த நம்பரை வைத்துக்கொண்டு ஒவ்வோர் இதழின் கடைசி நான்கு பக்கங்களையும் துழாவினாய். முப்பத்தெட்டாவது இதழில் கிடைத்துவிட்டது. உடனே பாடியிலிருந்தே எனக்கு போன் போட்டாய். நான் கவுண்டரில் புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க நீ வாசித்துக் காட்டினாய். அந்த இதழில், மெஷினில் கை மாட்டி விரல் போன ஒரு தொழிலாளியைப் பற்றி யாரோ கதை எழுதியிருந்தார்கள். அதற்கு உன் நைனா எழுதிய கருத்து அது.

"கதை நல்லா கீது. ஆனா அந்த மெஷின்ல கை அப்படி மாட்டாது. எழுதினவர் ஒருநாள் நம்ம பக்கம் வந்து பார்த்துட்டு எழுதவும்."

வாசித்து முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். செத்துப்போன மனுசன் அங்கேயும் தப்புதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார், எனக்கு இந்தச் செக்கிங் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது என்றாய். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கவுண்டர் முன்னால் நின்றிருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். படங்களை உன் மொபைலிலிருந்து அலுவலகக் கணினிக்குக் கொண்டுவர ஒரு கேபிள் வேண்டும். கேட்டு எழுதினால் வர மாதக்கணக்காகும். வெளியில் போய் வாங்கியிருக்கலாம், அதற்கும் சோம்பல். வாட்ஸப்பில் அனுப்பிவிடு, நான் இறக்கிக்கொள்கிறேன் என்றேன். உன் மொபைல் நிரம்பித் திணறியதால், அனுப்பியதும் அங்கே அழித்துவிடு என்றும் நான்தான் சொன்னேன். நீ சந்தேகப்பட்டாய்.

"வாட்ஸப்ல போனா படம் சுருங்கிப்பூடுமாமேக்கா? எங்க லைன்ல ஒரு பொண்ணு சொல்லுது."

ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியாதா என்றேன். எனக்குத் தெரியாது. கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கும்போது எல்லாப் பக்கங்களும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் நாற்பத்து மூன்று இதழ்களையும் ஏற்றிவிட்டேன். மாவட்ட அலுவலகத்தில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். எழுத்துகள் படிக்கும்படி இல்லை, விளக்கம் தரவும் என்று கடிதம் வந்தது. அப்போதுதான் நானும் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கினேன். தண்ணீர் பட்ட மைபோல ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து எழுத்தோடு கலந்து கிடந்தது. முப்பத்தெட்டாவது இதழைத் திறந்து பார்த்தேன். நான்காம் கருத்துப் பக்கத்தில் உன் நைனாவின் மூன்று வரிகள் மூன்று நீலக் கோடுகளாக இருந்தன. ஓரத்தில் உன் கட்டைவிரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

விளக்கக் கடிதத்தை அன்று மாலையே எழுதினேன். பதவி உயர்வுப் பட்டியல் வரவேண்டிய நேரம், என் பெயரும் பரிசீலனையில் இருந்தது. 'தன்னார்வலரின் கவனக்குறைவால் படங்கள் தெளிவின்றி அமைந்துவிட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். உன் பெயரை எழுதவில்லை என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இந்த நூலகத்தில் தன்னார்வலர் என்று வேறு யார் இருந்தார்கள்? பதவி உயர்வும் வரவில்லை, அது வேறு கதை.

படங்கள் கெட்டுப்போனதை மட்டும் உன்னிடம் சொன்னேன். கத்துவாய் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். நீ மொபைலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாய்.

"உடுக்கா. மொதல்லேர்ந்து எட்த்துக்கலாம். பேப்பர் எங்கியும் ஓடிப்பூடாது."

அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு கேபிள் கொண்டுவந்தாய். தாளின் மேல் வைக்க ஒரு கண்ணாடித் துண்டும் வாங்கினாய். அதற்கப்புறம் ஒரு படத்திலும் விரல் விழவில்லை. ஞாயிறுக்கு ஓர் இதழ் என்று கணக்கு. மாலையில் இங்கே வந்து படங்களை இறக்கி, ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் டீ குடிப்பாய். அப்படியே என் கோப்புகளையும் வரிசைப்படுத்தி அடுக்கிவிட்டுப் போவாய். அதில் ஏதோ ஒரு ஞாயிறன்றுதான் அந்தக் கடிதத்தின் அலுவலகப் பிரதியைப் பார்த்திருக்கிறாய். பார்த்து, அம்பை ஒட்டி, கோப்பை மூடி, அலமாரியில் வைத்துவிட்டு என்னோடு டீ குடித்திருக்கிறாய். எந்த ஞாயிறு என்று இன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்த ஞாயிறு எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

நான் உன்னிடம் கெஞ்சியது ஒன்றுதான். வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், முதலில் முப்பத்தெட்டை எடுத்துவிடு என்றேன். நீ மசியவில்லை.

"பண்டில் நம்பர் படிதாங்க்கா போவணும். நடுவுல ஒண்ண உருவுனா அப்பாலிக்கு எல்லாம் கலந்துபூடும். நைனா எங்க போவப்போவுது, பொட்டிக்குள்ளதான கீது."

வெட்டிய துணிக் கட்டுகளை எண் வரிசையில் அனுப்பும் உன் தொழில் உனக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபத்தொன்பதாவது இதழை முடித்த ஞாயிறு நல்ல மழை. நனைந்துகொண்டே வந்து, மொபைலை மட்டும் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தாய். இன்னும் ஒன்பது வாரத்தில் நைனாகிட்ட போய்டுவேன் என்றாய். முப்பத்தெட்டாவது இதழைத்தான் சொன்னாய். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் சனிக்கிழமை பார்க்க வரலாம் என்றிருந்தேன். அன்று விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, மீதிப் பதினாலு இதழ்களை நானே போய் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். முட்டிவலி என்றேன், ஆண்டுத் தணிக்கை என்றேன், மழை விடட்டும் என்றேன். உண்மையில் அந்த மாடிப்படியில் நீ உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார எனக்குத் தெம்பில்லை. மூன்று மாதம் கழித்துப் பாடிக்குப் போனபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. பெரியவரை மகன் ஓசூருக்குக் கூட்டிப்போய்விட்டாராம். வீட்டைக் காலி செய்த அன்று தகரப் பெட்டியோடு எல்லாத் தாளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள். சுற்றுவட்டாரத்தில் இருந்த பழைய பேப்பர் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார ஸ்டூல் போட்டார். தாள் எதுவும் கிடைக்கவில்லை.

ஆகவே அந்தப் பதினாலு இதழ்களும் இப்போது வாட்ஸப் சுருக்கிய படங்களாக மட்டுமே இருக்கின்றன. இந்த மாதம் வந்த சுற்றறிக்கை, தெளிவில்லாத படங்கள் அனைத்தையும் மாத இறுதிக்குள் மின்நூலகத்திலிருந்து நீக்கச் சொல்கிறது. நீக்க வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அதற்குப் பழைய கடிதத்தின் எண் வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் இன்று காலை கோப்பைத் திறந்தேன்.

நான் கொஞ்ச நாளாகவே அந்தப் படங்களைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, மொபைலைச் சாய்த்து வைத்துப் பார்த்து, வரிவரியாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது. தெரியாத சொல்லுக்கு இடம் விட்டுவிடுகிறேன். சில பக்கங்களில் எழுத்தைவிட இடைவெளிதான் அதிகம். இருந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் உன் கட்டைவிரல் இருக்கிறது. நகத்தில் நூல் அறுத்த கீறல்கூடத் தெரிகிறது. நான் எரிந்து விழுந்த விரல் அது. இப்போது அந்த ஓரத்தைப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடிவதில்லை.

இன்று மதியம் புதுக் கடிதத்தை எழுதி முடித்தேன். படங்கள் தெளிவிழந்ததற்குக் காரணம் நான், வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னதும் மூலப் படங்களை அழிக்கச் சொன்னதும் நான், எச்சரித்த தன்னார்வலரின் பேச்சைக் கேட்கவில்லை, முந்தைய விளக்கத்தில் நான் எழுதியது உண்மையல்ல என்று எழுதினேன். உன் பெயரை முழுதாக எழுதினேன். மூலப் பிரதிகள் இனி இல்லாததால், தட்டச்சுப் பிரதியோடு இந்தப் படங்களையும் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அனுப்பும் முன் மாவட்ட அலுவலக அதிகாரிக்கு போன் செய்து சொன்னேன். தங்கமான மனிதர், என் நல்லதுக்குத்தான் பேசினார்.

"இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்? ரிடையர் ஆகப்போற நேரத்துல எழுத்துல குடுத்து மாட்டிக்காதீங்க. அந்த அம்மாவே இல்ல, யாரு கேக்கப்போறா?"

கேட்டாச்சு சார் என்றேன். அம்பு ஒட்டி நீ கேட்டுவிட்டாய் என்பது அவருக்குப் புரிந்திருக்காது. நானும் விளக்கவில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, திரும்ப வந்து முப்பத்தெட்டாவது இதழைத் திறந்தேன்.

அந்த மூன்று நீலக் கோடுகளைப் படிக்க நான் கண்ணைச் சுருக்கத் தேவையில்லை. நீ போனில் வாசித்தது அப்படியே என் காதில் இருக்கிறது, மூச்சு வாங்கியது உட்பட. உன் நைனாவின் வார்த்தைகளை ஒன்று விடாமல் அடித்தேன். கீழே குறிப்பும் எழுதினேன்: படத்தில் படிக்க இயலவில்லை, மூல இதழைக் கையில் வைத்திருந்தவர் வாசிக்கக் கேட்டு எழுதியது. படமெடுத்தவர் என்ற கட்டத்தில் உன் பெயர். டோக்கன் நம்பரை மட்டும் நீ அன்றைக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் அந்தப் பித்தளை டோக்கனைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

புதுக் கடிதத்தின் பிரதியைக் கோப்பில் பழையதற்கு மேலே வைத்துத் துளையிட்டுக் கட்டினேன். பழைய தாளில் அம்பு அப்படியே இருக்கிறது. உரித்துவிடலாமா என்று நகத்தை வைத்துவிட்டேன், பிறகு கையை எடுத்துக்கொண்டேன். எட்டு மாதத்தில் அடுத்து வருபவரிடம் சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும்போது இந்தக் கோப்பும் இதே அம்போடுதான் போகும். இது என்ன ஸ்டிக்கர் என்று அவர் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்வேன்.

நான் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்துவிட்டேன், அம்மாடி. உரிக்க வேண்டியவள் நீ.